அதிரசம் எனக்கு, மிட்டாய் பிள்ளைகளுக்கு

டெமாய்ன், அயோவா

அன்புள்ள ராஜி,

உன் குரல் செய்தி வந்தது. கிரைண்டர் சத்தத்தில் பாதி முங்கிப்போனாலும் கேள்வி புரிந்தது. அக்டோபரில் மகள் வீட்டுக்கு வருகிறாய். மாசக் கடைசியில் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடுவீடாக மிட்டாய் கேட்டு வருமாமே, அதுகளுக்கு அதிரசம் சுட்டுக்கொண்டு வரட்டுமா என்கிறாய். வேண்டாம் தாயி. அதிரசத்தை எனக்குக் கொண்டு வா. அந்தப் பிள்ளைகளுக்கு ஏன் கூடாது என்பதைச் சொல்லத்தான் போன் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் என்றால் நாம் பாதியிலேயே யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது போய்விடுவோம்.

முதலில் என் கதையைக் கேள். நாங்கள் இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம். ஹாலோவீன் அக்டோபர் 31 என்று உலகத்துக்கே தெரியும், எங்களுக்கும் தெரியும். இவர் ஒரு வாரம் முன்பே இரண்டு பெரிய பை மிட்டாய் வாங்கி, நான் தின்றுவிடுவேன் என்று அலமாரி மேல்தட்டில் வைத்திருந்தார். 30ஆம் தேதி சாயங்காலம் நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறேன், வாசல் மணி அடிக்கிறது. திறந்தால் ஒரு டைனோசர், ஒரு தீயணைப்பு வீரர், அப்பா தோளில் தேனீ வேஷத்தில் ஒரு கைக்குழந்தை. நான் தோசைக் கரண்டியோடு நிற்கிறேன். யாரும் மிட்டாய் கேட்கவில்லை. டைனோசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மணலில் இருக்கிற சூனியக்காரிக்கு என்ன பெயர் என்று ஆங்கிலத்தில் கேட்டது. தெரியாதே என்றேன். “சாண்ட்விச்!” என்று கத்திவிட்டு என் முகத்தையே பார்த்தது.

சாண்ட் என்றால் மணல், விச் என்றால் சூனியக்காரி. அது எனக்கு ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. அப்போதைக்கு, பாவம், பிள்ளைக்குப் பசிக்கிறது, சாண்ட்விச் கேட்கிறது என்றுதான் நினைத்தேன். “நோ சாண்ட்விச், ஒன்லி தோசை” என்றேன். அந்த அப்பா சிரித்த சிரிப்பில் தோளிலிருந்த தேனீ முழித்துக்கொண்டது. சிரிக்காதளா, உனக்கும் இந்தக் கதி வரக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

உள்ளே ஓடி மேல்தட்டுப் பையை இறக்கினால், “அது நாளைக்கு” என்கிறார் இவர். அன்றைக்கு எட்டு மணி வரைக்கும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பை காலி. மறுநாள் 31, மிச்சப் பையைக் கிண்ணத்தில் கொட்டி வாசலிலேயே காத்திருந்தோம். ஒரு காக்காய் குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. அந்த மிட்டாயைப் பொங்கல் வரைக்கும் தின்றோம்.

விஷயம் என்னவென்றால், அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்களில் 31 என்றால் டெமாய்னில் அப்போதெல்லாம் தலைமுறை தலைமுறையாக 30தான் வழக்கமாக இருந்தது. அதற்குப் பெயரே தனி: பெக்கர்ஸ் நைட். பிச்சைக்காரர் ராத்திரி! 1938 வாக்கில் ஆரம்பித்த பழக்கம். அப்போதெல்லாம் 31ஆம் தேதி ராத்திரி பையன்கள் ஊரைத் துவம்சம் பண்ணுவார்களாம். போலீசுக்கு நூற்றுக்கணக்கில் புகார் போகுமாம். இதற்கு முடிவு கட்ட, பிள்ளைகளுக்கென்று முந்தின நாள் ராத்திரியை ஒதுக்கினார்கள். கூடவே ஒரு நிபந்தனை: சும்மா கையை நீட்டினால் தின்பண்டம் கிடையாது. ஒரு பாட்டு, ஒரு கவிதை, ஏதாவது ஒரு வித்தை காட்ட வேண்டும். கொலு வீட்டில் பாடினால்தான் சுண்டல் என்பார்களே, அதே கதைதான். பாட்டும் வித்தையும் நாளடைவில் தேய்ந்து, இன்றைக்கு ஒரு ஜோக் என்று நிற்கிறது.

பிச்சைக்காரர் ராத்திரி என்ற பெயரைக் கேட்டு இவர் முகத்தைச் சுளித்தார். எனக்கு என்னவோ உடனே குலசை முத்தாரம்மன் கோயில் ஞாபகம்தான் வந்தது. தசராவுக்கு மாலை போட்டு, வேஷம் கட்டி, நம் தெருவில் வீடுவீடாக தர்மம் எடுத்து வருவார்களே. உங்கள் அண்ணன் காளி வேஷம் கட்டி வந்த வருஷம், முந்தின நாள்தான் அவனை மாங்காய் திருடினான் என்று விரட்டின எங்கள் ஆச்சி, “வா தாயே” என்று கையெடுத்துக் கும்பிட்டுக் காசு போட்டாள். முகத்தில் சாயம் ஏறிவிட்டால் அவன் யார் வீட்டுப் பையன் என்ற பேச்சே கிடையாது. அந்தக் காசு முத்தாரம்மன் உண்டியலுக்குப் போனது. இங்கே மொத்தமும் பிள்ளைகள் வயிற்றுக்குத்தான். ஆனாலும் வாசலில் நிற்கிறபோது பக்கத்து வீட்டுப் பையனை அடையாளம் தெரியாத மாதிரி “ஐயோ, டைனோசரா!” என்று நான் பயந்து காட்டுகிறேனே, அது ஆச்சி சொல்லிக்கொடுத்ததுதான்.

இப்போது நீ செய்ய வேண்டியது. வாசல் விளக்குதான் பாஷை. எரிந்தால் வரலாம், அணைத்திருந்தால் வராதே என்று அர்த்தம், பிள்ளைகள் பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். நேரம் ஆறிலிருந்து எட்டு. அந்தத் தேதியில் ஆறு மணி தாண்டியதும் பொழுது அடைந்துவிடும், விளக்கை மறந்துவிடாதே. மிட்டாய் தீர்ந்துபோனால் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்விடு, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எந்த நாள் என்பதை மட்டும் மகளை ஊர் அறிவிப்பில் பார்த்துச் சொல்லச் சொல். 2024ல் மழை மிரட்டியது என்று 31க்குத் தள்ளிவிட்டார்கள்.

அதிரசம் ஏன் கூடாது என்றால், உறை பிரிக்காத கடை மிட்டாயைத் தவிர எதையும் பெற்றவர்கள் பிள்ளை வாயில் வைக்க விடமாட்டார்கள். வீட்டுப் பலகாரம் நேரே குப்பைக்குப் போகும். யாரோ விஷம் வைத்துவிடுவார்கள் என்று பயம். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் பல வருஷம் இதைத் தோண்டிப் பார்த்தார். முகம் தெரியாத ஆள் வேண்டுமென்றே கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு பிள்ளை செத்ததாக அவருக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. 1974ல் டெக்சாஸில் ஒரு சிறுவன் சயனைடு மிட்டாய் தின்று செத்தது நிஜம். வைத்தது சொந்த அப்பன், இன்சூரன்ஸ் பணத்துக்காக. பழி என்னவோ பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையில்தான் விழுந்தது. நீ இதை மாற்றப் போவதில்லை, அதனால் கடை மிட்டாயே வாங்கு.

யார் வீட்டு வாசலிலாவது மயில்கழுத்துக் கலரில் பூசணிக்காய் இருந்தால், சாயம் பூசுகிறவனுக்குக் கோளாறு என்று நினைக்காதே. வேர்க்கடலை, பால் என்று ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு அங்கே பென்சில், ஸ்டிக்கர் மாதிரி தின்னாத சாமான் கிடைக்கும் என்று அர்த்தம். 2014லிருந்து நாடு முழுக்கப் பரவிய பழக்கம். நானும் ஒரு டப்பா பென்சில் வைத்திருக்கிறேன்.

வளர்ந்த பையன்கள் வருவார்கள். மீசை அரும்பியிருக்கும், வேஷம் என்று பெயருக்கு ஒரு முகமூடி. எங்கள் தெருவில் சிலருக்கு இது பிடிக்காது. வர்ஜீனியாவில் செசபீக் என்ற ஊரில் பன்னிரண்டு வயசுக்கு மேல் மிட்டாய் கேட்டுப் போனால் ஜெயில் என்றே சட்டப் புத்தகத்தில் இருந்தது. 2019ல்தான் ஜெயிலை எடுத்துவிட்டு வயசைப் பதினாலாக்கினார்கள். இந்த வயசுப் பையன்கள் ராத்திரியில் வேறு என்னென்னவோ செய்யலாம். மிட்டாய்தான் கேட்கிறார்கள், நான் கொடுத்துவிடுவேன். ஜோக்குக்கு மட்டும் விலக்கு கிடையாது. பெரிய பையன்கள்தான் அதைச் சொல்ல ரொம்பக் கூச்சப்படுவார்கள், பார்க்கவே ஆசையாக இருக்கும்.

ஜோக் கேட்கும்போது ஒரே ஒரு விதி. பதில் தெரிந்தாலும் முந்திச் சொல்லிவிடாதே. போன வருஷம் ஒரு சின்னவள், நாலு வயசிருக்கும். இளவரசி கவுன், அதை மூடிக் கழுத்துவரை ஜிப் போட்ட தடி ஜாக்கெட், மூக்கு ஒழுகுகிறது. “எலும்புக்கூடு ஏன் டான்ஸுக்குப் போகவில்லை?” என்று கேட்டாள். பதில், கூடப் போக ‘நோபடி’, அதாவது ஆளும் இல்லை, உடம்பும் இல்லை. அன்று சாயங்காலம் அதை ஏழாவது தடவையாகக் கேட்கிறேன். ஏன், ஏன் என்று நான் முழிக்க, அவளுக்குப் பதில் மறந்துபோய்விட்டது. உதடு துடிக்கிறது. பின்னால் அவள் அக்காள் வாயை அசைத்து அசைத்துக் காட்டுகிறாள், அவள் திரும்பியே பார்க்கவில்லை. கடைசியில் அவளாகவே ஒரு பதில் சொன்னாள்: “அதுக்குக் குளிருது.”

நிஜமாகவே சிரித்துவிட்டேன் ராஜி. இரண்டு மிட்டாய் கொடுத்தேன். அக்காள் முறைத்தாள், அவளுக்கும் இரண்டு.

ஸ்வெட்டர் மறக்காதே, வாசலில் நிற்கக் குளிர் எலும்புக்குள் போகும். உனக்கு ஒரு கிண்ணமும் நாற்காலியும் மகளை எடுத்து வைக்கச் சொல். பெட்டியில் இடமிருந்தால் அதிரசத்தோடு உடன்குடி சில்லுக்கருப்பட்டி ஒரு கிலோ. அதை வாசலுக்குக் கொண்டுபோகாதே, மகள் கண்ணிலும் காட்டாதே, நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் மல்லிகா