பெட்டி ஓடுகிறது, எல்லோருக்கும் நன்றி

காரைக்குடியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் நடுநிலைப் பள்ளியில் நெட் இல்லாமலே பாடம் காட்டும் பெட்டி ஒன்று வைக்க உதவியவர்களில் பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் யார் பெயரும் போடவில்லை, அவரவருக்குத் தெரியும்.

பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு அச்சடித்திருக்கிறார்கள், ஸ்கேன் பண்ணினால் வீடியோ வரும், ஆனால் எங்கள் வகுப்பறையில் போனைக் காட்டினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பெல்லும் அடித்துவிடும். இப்போது பீரோ மேல் அந்தப் பெட்டி, அதாவது ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று, 128 ஜிபி மெமரி கார்டோடு, தானே வைஃபை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சிம், டேட்டா எதுவும் வேண்டாம். பழைய போனில் பிரவுசரைத் திறந்தால் கோலிப்ரியில் பாடம், கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியா. இரண்டு மென்பொருளுமே இலவசம். போர்டு, கார்டு, சார்ஜர், இவ்வளவுதான் செலவு.

அந்தச் செலவை ஏற்றது கோட்டையூர் ஆச்சி. பில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "புள்ளைக படிக்கத்தானே, கணக்கு எனக்கு எதுக்கு" என்று சொல்லி ஒரு தூக்கு நிறையச் சீப்புச் சீடையும் கொடுத்து அனுப்பினார்கள். அதற்கும் சேர்த்து நன்றி, ஆச்சி.

ராத்திரி ராத்திரியாகத் தன் வீட்டு நெட்டில் டவுன்லோடு போட்ட கல்லூரித் தம்பிக்குப் பெரிய கும்பிடு. கிடைத்ததையெல்லாம் இறக்கிக் கொட்டாமல், எங்கள் அறிவியல் டீச்சரோடு உட்கார்ந்து, எந்தப் பருவத்துக்கு எந்த வீடியோ என்று பாட வரிசையில் அடுக்கிக் கொடுத்தாரே, அதுதான் வேலை. சும்மா குவித்து வைத்தால் எந்த வாத்தியாரும் இரண்டாம் தடவை திறக்க மாட்டார் (நானும்தான்).

அப்புறம், முகம் தெரியாத மொழிபெயர்ப்பாளர்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் இயற்பியலாளர் கார்ல் வீமன் தொடங்கிய ஃபெட் (PhET) செயல்விளக்கங்களை, அதாவது பிள்ளைகள் திரையில் தாங்களே செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகளை, தமிழில் போட்டு வைத்திருக்கிறீர்கள், ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக இறங்குகிறது, அதனால் நெட் இல்லாமலே ஓடுகிறது. போன வாரம் ஒரு பெண் பிள்ளை மின்சுற்றுப் பாடத்தில் பல்பே வைக்காமல் ஒயரை பேட்டரியின் இரண்டு முனைக்கும் நேராக இழுத்துவிட்டாள், திரையில் குப்பென்று தீ. "டீச்சர், கரண்ட் ஆபீசுக்குச் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு, பிறகு எல்லாரும் முறை வைத்துக் கொளுத்தினார்கள். குறுக்குச்சுற்று என்றால் என்னவென்று அன்றைக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் காலிக் கார்டோடு சனிக்கிழமை வாருங்கள், எங்கள் கார்டில் இருப்பதை அப்படியே அதில் நகல் எடுத்துத் தருகிறோம். ஆனால் பெட்டியை அணைக்கும்போது வெடுக்கென்று பிளக்கைப் பிடுங்காதீர்கள், கார்டு போய்விடும். கரண்ட் போகும் ஊராக இருந்தால் ஒரு பவர் பேங்க்கும் வாங்கிவிடுங்கள்.

கூலி வாங்காமல் பிளக் பாயிண்ட் வைத்துக் கொடுத்த எலெக்ட்ரீஷியன் அண்ணே, உங்களுக்கும் நன்றி. உங்கள் ஏணி இங்கேதான் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.