கோடு போட்ட ரோடு

அன்பு அம்மு,

லைசென்ஸ் வந்துவிட்டது, இனிமேல் ஆபீசுக்குக் காரில்தான் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம், கூடவே கொஞ்சம் பயம். டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச், கியர், ரிவர்ஸ் எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ரோட்டில் போட்டிருக்கும் கோடுகளை மட்டும் எல்.எல்.ஆர். டெஸ்டுக்குப் படித்ததோடு எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நீ விட்டுவிடாதே.

நம்ம சென்னை ஓ.எம்.ஆர். ரோட்டில் விட்டு விட்டுப் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகள் லேன் பிரிக்க. இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் பார்த்து, தலையையும் லேசாகத் திருப்பிப் பார்த்துவிட்டு லேன் மாறலாம். பைக் ஓட்டுபவர்கள் கண்ணாடியில் தெரியாத இடத்தில்தான் இருப்பார்கள். டிவைடர் இல்லாத ரோட்டில் நடுக்கோடு முழுசாக இருந்தால் தாண்டக் கூடாது, இரட்டைக் கோடு என்றால் அந்த நினைப்பே வேண்டாம். ஒன்று முழுசாகவும் ஒன்று விட்டுவிட்டும் இருந்தால், உன் பக்கம் இருக்கும் கோடுதான் உனக்குக் கணக்கு. எதிரே வருவது தெரியாத வளைவு, மேடு மாதிரி இடங்களில் முழுக்கோடு போடுவார்கள், அதனால் முன்னால் லாரி ஊர்ந்து போனாலும் பின்னாலேயே போ.

சிக்னல் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறேன். சிவப்பு விழுந்தால் ஸ்டாப் லைனுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும், அதைத் தாண்டி இருப்பது நடப்பவர்களுக்கான ஜீப்ரா கிராசிங். அடையாறு சிக்னலில் ஒரு நாள் சாயங்காலம் பார், பைக்குகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்து வெள்ளைப் பட்டை முழுவதையும் மூடிவிடும், கையில் காய்கறிப் பையோடு வயசான அம்மா ஒருவர் சைலன்சர் சூட்டுக்குக் காலை ஒதுக்கி ஒதுக்கி நடுவில் நுழைந்து போவார். நீ கோட்டிலேயே நில். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பான், அடிக்கட்டும்.

ஜங்ஷன் நடுவில் மஞ்சளில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டிருந்தால், அந்தப் பக்கம் உன் வண்டிக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். பச்சை எரிந்தாலும் அப்படித்தான், இல்லையென்றால் நடுவில் மாட்டிக்கொண்டு நாலு பக்கமும் அடைத்துவிடுவாய்.

கத்திப்பாரா பாலத்தில் ரோடு பிரிகிற இடத்தில் சாய்கோடு போட்ட முக்கோணம் இருக்கும், அது வண்டி போகவோ நிற்கவோ உள்ள இடமே இல்லை. எந்தப் பக்கம் என்று தெரியாமல் அங்கே பிரேக் போட்டு போர்டைப் படிப்பவர்கள் நிறைய பேர். உன் வழி தப்பிவிட்டால் போகட்டும், நேராகப் போய் யு டர்ன் எடுத்துக்கொண்டு வா, பத்து நிமிஷம் லேட்டாகும், அவ்வளவுதான்.

அப்புறம் மழை. அந்தப் பெயிண்டில் கண்ணாடி மணிகள் கலந்திருக்கும், ஹெட்லைட் பட்டால் மின்னுவது அதனால்தான், தண்ணீர் மேலே நின்றுவிட்டால் மின்னாது. ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி கோடே தெரியாது, மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்த இடங்களில் பழைய கோடு நேராகத் தடுப்புக்குள்ளேயே போய் முட்டும். அங்கே கோட்டை நம்பாமல் தடுப்பில் ஒட்டியிருக்கும் ரிஃப்ளெக்டரைப் பார்த்து மெதுவாகப் போ.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் துரைப்பாக்கம் வருகிறேன், கூட்டம் சேர்வதற்குள் ரேடியல் ரோட்டில் பல்லாவரம் வரைக்கும் நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். டயரில் காற்று பார்த்து வை.

அம்மா