2028 வருவதற்குள் மட்டக்களப்பு ரயில் நிலையத்தின் கதையை எழுதி வையுங்கள்

புகையிரதத் திணைக்களப் பொது முகாமையாளர் அவர்களுக்கும், மட்டக்களப்பு மாநகர சபையாருக்கும்,

வணக்கம்.

மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். 2028இல் பாதைக்கு நூறு வயதாகிறது. அதே ஆண்டில் மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டைக்கும் நானூறு ஆகிறது. போர்த்துக்கேயர் அதைக் கட்டத் தொடங்கியது 1628இல். கோட்டைக்கு யாராவது விழா எடுப்பார்கள் என்று நம்புகிறேன். அங்கே பீரங்கி இருக்கிறது, ஒல்லாந்தர் பிடித்த கதை இருக்கிறது, வெளிநாட்டுக்காரர் வந்து படமெடுக்கிறார்கள். ரயில் நிலையம் நாங்கள் தினமும் பாவிக்கிற இடம். அதனாலேயே அதற்கும் ஒரு வரலாறு உண்டென்று யாரும் யோசிப்பதில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான்: நிலையத்தையும், வண்டிகளை நிறுத்தி மாற்றுகிற அதன் யார்டையும் இன்று இருக்கிறபடி அளந்து வரையுங்கள். அங்கே வேலை செய்தவர்களிடம் கேட்டு அதன் கதையை எழுதுங்கள். நூற்றாண்டு விழா வருவதற்கு முன்னர் இரண்டையும் ஊரார் பார்க்கிற இடத்தில் வையுங்கள்.

நான் கல்முனைப் பக்கத்தவன். அம்பாறை மாவட்டத்தில் ரயில் பாதையே இல்லை. ஆனாலும் மட்டக்களப்பு ஸ்ரேசன் எங்களுடைய ஸ்ரேசனும்தான். கொழும்புக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸில் காத்தான்குடி தாண்டி, கல்லடிப் பாலம் ஏறி, அங்கே வந்துதான் கோச்சி பிடிப்போம். அந்தப் பழைய பாலம் 1924இல் திறக்கப்பட்டது. ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். ரயிலுக்கு நாலு வருடம் முந்தி தெற்கே போகிற தெருவுக்குப் பாலம் கிடைத்துவிட்டது. தண்டவாளம் மட்டும் வாவியைக் கடக்கவில்லை. பொத்துவில் வரைக்கும் பாதையை நீட்ட வேண்டும் என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் பழைய பேச்சு. அதை இந்த மடலில் கேட்கப் போவதில்லை. பாதை ஏன் அந்த இடத்தில் முடிந்தது, அப்படி முடிந்ததால் ஒரு நிலையம் எப்படி அமைந்தது என்பதையாவது எழுதி வைக்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

பாதை முடிகிற நிலையத்தின் அமைப்பு நடுவழி நிலையத்தைப் போல இருக்காது. நடுவழியில் வண்டி வரும், ஆட்களை ஏற்றும், அப்படியே போகும். கடைசி நிலையத்தில் வண்டியைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். எஞ்சின் இழுத்து வருகிற வண்டியென்றால், பயணிகள் இறங்கியதும் ஒருவர் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையில் குனிந்து இறங்கிக் கொளுவியைக் கழற்றுவார், பிரேக் குழாயைப் பிரிப்பார். எஞ்சின் கொஞ்சம் முன்னே போய், பக்கத்துப் பாதையில் மாறி, தான் கொண்டுவந்த பெட்டிகளைக் கடந்து மறுமுனைக்கு வந்து பூட்டிக்கொள்ளும். அதற்கென்றே ஒரு பாதை வெறுமையாக இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் சாரதி அறை உள்ள பவர் செட்டுக்கு இந்த வேலை இல்லை. சாரதி மறுமுனைக்கு நடந்து போனால் சரி. புதிய தலைமுறை பவர் செட்டைத்தான் அதிகம் பார்க்கிறது. அந்தப் பக்கத்துப் பாதை எதற்கு என்று கேட்டால் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? அப்புறம் ஒருநாள் யாராவது “சும்மா கிடக்கிறது” என்று அதைப் பிடுங்கிவிடுவார்கள்.

சரக்குப் பக்கமும் அப்படித்தான். கொழும்பிலிருந்து எண்ணெய்த் தாங்கி வண்டிகள் இந்தப் பாதையால்தான் வருகின்றன. யார்டில் எந்தத் தண்டவாளம் எதற்கு, எந்தக் கட்டடத்தில் முன்னர் என்ன நடந்தது, ஊழியர் விடுதிகள் எங்கே இருந்தன என்பதெல்லாம் படத்தில் வர வேண்டும். பிளாட்போம் மட்டும் நிலையமல்ல.

பாதையைச் சொல்லாமல் நிலையத்தின் கதை எழுத முடியாது. மாகோவில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்து, கல்ஓயாச் சந்தியில் திருகோணமலைக்கு ஒரு கிளையைக் கொடுத்துவிட்டு, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புனானை, வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர் என்று வருகிற ஒற்றைப் பாதை. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீற்றர். ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்கு வழிவிட நிலையத்தால்தான் முடியும். டெப்லட், அதாவது அடுத்த பகுதிக்குள் போகலாம் என்று நிலையத்தில் கொடுக்கிற அனுமதி வில்லை, கைக்கு வராமல் சாரதி அடுத்த பகுதிக்குள் வண்டியை விடக்கூடாது. கொழும்புப் பக்கத்து வண்டி பிந்தினால் இங்கே புறப்பட வேண்டியதும் ஏன் பிந்துகிறது என்று பிளாட்போமில் நின்று கோபப்படுகிறவர்களுக்கு இதை ஒரு பலகையில் எழுதி வைத்தாலே பாதிக் கோபம் குறையும்.

மன்னம்பிட்டிப் பாலத்தை மறக்க முடியுமா? மகாவலிக்கு மேலே ரயிலும் பஸ்ஸும் ஒரே பாலத்தில். ரயில் வருகிறதென்றால் இரண்டு கரையிலும் வாகனங்கள் வரிசையாக நிற்கும். பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிக் கால் நீட்டிக்கொள்வார்கள். கோச்சி போன பிறகு, அது போன தண்டவாளத்தின் மேலேயே பஸ் மெல்ல ஊர்ந்து ஏறும். ஓட்டமாவடிப் பாலத்திலும் இதே கதைதான். இப்போது இரண்டு இடத்திலும் வாகனத்துக்குத் தனிப்பாலம் வந்துவிட்டது. மன்னம்பிட்டியில் வந்தது 2007இல். நல்ல விசயம். ஆனால் பழைய பாலத்தில் அப்படிக் காத்து நின்றவர்கள் இன்னும் இருக்கும்போதே அதையும் கேட்டு எழுதிவிட வேண்டும்.

போர்க்காலத்தை ஒரு வரியில் கடந்துவிட வேண்டாம். ரயில் பொலன்னறுவையோடு நின்றுபோன வருடங்கள் இருந்தன. 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகுதான் அது மட்டக்களப்புக்குத் திரும்பியது. வண்டி வராத நிலையத்துக்கும் ஒரு வாழ்க்கை இருந்திருக்கும். யார் சாவியை வைத்திருந்தார்கள், யார் விடுதியில் தங்கியிருந்தார்கள், முதல் வண்டி மறுபடி வந்த அன்று யார் கொடி காட்டினார்கள்? இதற்கெல்லாம் பதில் கோப்பில் கிடைக்காது. ஓய்வுபெற்ற நிலைய அதிபர்கள், ரயில் காட்மார், தண்டவாளம் மாற்றிவிடுகிற பொயின்ற்ஸ்காரர், சுமை தூக்கியவர்கள், பிளாட்போமில் கடலை விற்றவர்கள் ஆகியோரிடம்தான் கிடைக்கும். சிங்களம், தமிழ் இரண்டு மொழியிலும் போய்க் கேளுங்கள். இந்தப் பாதையில் வேலை செய்தவர்களில் பலர் சிங்கள ஊர்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் நினைவில் இருக்கிற மட்டக்களப்பு எங்களுக்குத் தெரியாத மட்டக்களப்பு.

அண்மைய நாட்களையும் விடக்கூடாது. 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து போன மீனகயா வண்டி யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன. காட்டுக்குள்ளால் போகிற பாதையில் இரவு வண்டியின் நேரத்தையும் வேகத்தையும் யானைகளையும் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நேர அட்டவணையின் வரலாற்றில் அதுவும் சேரும்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. திணைக்களத்தின் பழைய வரைபடங்கள் கையில் இருந்தால் அவற்றின் பிரதிகளை எடுக்கலாம். அளந்து வரைய கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களையும் கேட்கலாம். மாநகர சபை பொது நூலகத்தில் ஒரு அலுமாரி ஒதுக்கினால் பதிவுகள் அங்கே இருக்கும். காத்திருப்போர் மண்டபத்தில் மூன்று மொழியிலும் ஒரு பெரிய பலகை, அதில் நிலையத்தின் படமும், பாதையின் படமும், வாவிக்குத் தெற்கே காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் போகிற பஸ் எங்கே பிடிப்பதென்ற குறிப்பும். எங்கள் ஊர்ப் பெயர்களையும் அந்தப் படத்தில் கட்டாயம் போடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். நூற்றாண்டை ஒட்டி நிலையத்தைத் திருத்த நினைத்தால், படம் வரைந்து முடியும்வரை பழைய கட்டடம் எதையும் இடிக்காதீர்கள். ஓடு மாற்றுங்கள், மழை ஒழுக்கை நிறுத்துங்கள், வயதானவர்களுக்கு ஏற வசதி செய்யுங்கள். இவற்றுக்கு யாரும் குறுக்கே நிற்கமாட்டார்கள். சுவரை உடைக்கும் முன்னால் மட்டும் ஊரைக் கேளுங்கள்.

ஓய்வுபெற்றவர்களைச் சந்திக்கும் வேலையை முதலில் தொடங்குங்கள். வரைபடம் அடுத்த வருடமும் வரையலாம்.

இப்படிக்கு,
கல்முனையிலிருந்து ஒரு ரயில் பயணி