சீசனுக்கு முன்னால் புதர் வெட்டுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சோலையை ஒட்டிக் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி நான். குளிர்காலம் வந்தால் உங்கள் மாவட்டப் பக்கத்தில் வலசைப் பறவைகளின் படங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. காஷ்மீர் ஈப்பிடிப்பான் ஊட்டியில் இறங்கிவிட்டது என்று தெரிந்தால் பெரிய பெரிய கேமராக்களோடு வெளியூர்க்காரர்கள் வந்து குவிகிறார்கள். வரட்டும், பார்க்க வேண்டிய பறவைதான். ஆனால் வருஷம் பூராவும் இங்கேயே குடியிருக்கும் அதன் பங்காளியைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்ததில்லை.

கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானைச் சொல்கிறேன். சிட்டுக்குருவியைவிடச் சிறியது. ஆணுக்குத் தலையும் இறக்கையும் கருப்பு, உடம்பு நல்ல ஆரஞ்சு. பெண்ணுக்குத் தலை கருப்பாக இருக்காது, மங்கிய பழுப்பு. நீலகிரி, பழனி, ஆனைமலை என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியில் மட்டும்தான் உண்டு. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஜெர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1839-இலேயே இதை எழுதி வைத்துவிட்டார்.

மற்ற ஈப்பிடிப்பான்கள் வெட்டவெளிக் கொப்பில் உட்கார்ந்து, பறக்கிற பூச்சியைப் பாய்ந்து பிடித்துத் திரும்பி வரும். நீலகிரி ஈப்பிடிப்பான் மரத்தின் மேல்பக்கம்தான் அதிகம் திரியும். இதுவோ ஆள் உயரத்துக்கு மேலே போவதே அபூர்வம். குறிஞ்சிச் செடிக்கும் பெரணிக்கும் நடுவில், வெயில் விழாத ஈர இடமாகப் பார்த்து உட்காரும். சருகில் ஏதாவது அசைந்தால் இறங்கிக் கொத்திவிட்டு மறுபடி தாழ்ந்த கொப்புக்கே போய்விடும். மெல்லிய சீழ்க்கைதான் குரல்; பச்சைத் தேயிலை லாரி சத்தத்தில் அதுவும் காதில் விழாது. கூடும் அந்தப் புதரிலேயேதான். கோரை இலையையும் பெரணியையும் சுருட்டி உருண்டையாகக் கட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டை வைக்கும்.

வைப்பது எப்போது? மார்ச்சில் தொடங்கி மழைக்கு முன்பாக. மே மாதச் சீசனுக்காகத் தங்கும் விடுதிகளும் பங்களாக்களும் புதர் வெட்ட ஆள் விடுவதும் அதே நாட்களில்தான். போன வருஷம் என் எல்லைக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரையில் இருந்த கீழ்ச்செடி அத்தனையையும் இரண்டே நாளில் மழித்துவிட்டார்கள். மரத்தில் கை வைக்கவில்லையாம், அதனால் காடு அப்படியே இருக்கிறதாம். அதற்குப் பிறகு அந்த ஓடையில் இந்தப் பறவையை நான் பார்க்கவில்லை.

வீட்டைச் சுற்றி வெட்டாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கரடியும் காட்டெருமையும் வாசல்வரை வருகிற ஊர் இது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்காக ஓடைக்கரை வரைக்கும் ஏன் மழிக்க வேண்டும்? வெளிநாட்டிலிருந்து வந்து காட்டில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியை எடுக்கிறோம் என்று காரணம் சொல்வோரும் உண்டு. எடுக்கட்டும், ஆனால் கூலிக்கு வருபவரிடம் எது உண்ணி, எது குறிஞ்சி என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

இங்கே கோத்தகிரிப் பக்கமுள்ள லாங்வுட் சோலை 2024-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது எங்களுக்கெல்லாம் பெருமை. ஆனால் அது ஏறக்குறைய 116 ஹெக்டேர்தான். பட்டா நிலங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் சோலைகளுக்கு எந்தப் பட்டியலும் இல்லை. அங்கே இருப்பதும் இதே பறவைதான்.

செல்போனில் குரலைப் போட்டு ஆண் பறவையை வெளியே இழுத்துப் படமெடுக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை: கூடு கட்டும் காலத்திலாவது அதை விட்டுவிடுங்கள். எதிரி வந்துவிட்டான் என்று அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலைகிறது.

ஊராட்சிகளும் விடுதிக்காரர்களும் புதர் வெட்டும் வேலையை ஜனவரிக்குள் முடித்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் ஜூன் கழியட்டும். இதைப் பிப்ரவரி மாதத்திலேயே உங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் உதவியாக இருக்கும். படம் வேண்டுமென்றால் என் மகனிடம் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி.