ஓசியானோ மணற்குன்றில் இருந்தவர்கள் ஹிப்பிகள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிபோர்னியாவின் ஓசியானோ மணற்குன்றுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரை, அங்கே குடில் போட்டு வாழ்ந்தவர்களை ‘அறுபதுகளின் ஹிப்பிகள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. டியூனைட்டுகள் எனப்பட்ட அவர்களின் காலம் 1920-களிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை. கவிஞர்கள், ஓவியர்கள், சோதிடர்கள், ஆடை துறந்த பிரசங்கிகள், பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை போனவர்கள் எல்லாரும் அதில் உண்டு. அமெரிக்க அதிபர் செஸ்டர் ஆர்தரின் பேரன் கேவின் ஆர்தர் அங்கே ‘மாய் மெல்’ என்ற குடியிருப்பை அமைத்து, ‘டியூன் ஃபோரம்’ என்ற பத்திரிகையும் நடத்தினார். 1934-லேயே அந்தப் பத்திரிகை நின்றுபோனது.

பக்கத்து ஊரான ஹால்சியனில் 1903 முதல் பிரம்மஞான வழியில் வந்த ஒரு சபை இருந்தது. சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைத் தலைமையோடு நிர்வாகத் தொடர்பு இல்லாத தனிக் கிளை அது. இந்திய ஆன்மிக குரு மெஹர் பாபா 1934-ல் இந்தக் குன்றுகளுக்கு வந்து போனதையும் கட்டுரை விட்டுவிட்டது.

‘கனவை உண்டு வாழ்ந்தார்கள்’ என்று கட்டுரை சொல்வது அழகான வரிதான். ஆனால் அவர்களை வாழவைத்தது தண்ணீரும் மட்டிச் சிப்பியும்.

குடில்கள் குன்றின் உச்சியிலும் இல்லை, அலையோரத்திலும் இல்லை. கடலை ஒட்டிய முன்குன்றுக்குப் பின்னே, வில்லோ புதர் அடர்ந்த பள்ளங்களில் இருந்தன. வில்லோ நிற்கிறது என்றால் கீழே நன்னீர் எட்டும் ஆழத்தில் இருக்கிறது என்று அர்த்தம். மழைநீர் கனம் குறைந்தது என்பதால் உப்புநீரின் மேல் மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. ஆனாலும் ஆழத் தோண்டி வேகமாக இறைத்தால் உப்பு மேலேறிவிடும். ஆகவே ஆழமில்லாத ஊற்றே உத்தமம். மணல் சரியாமலிருக்க அடியில்லாத பீப்பாயோ மரப்பெட்டியோ இறக்க வேண்டும்.

கரை ஒதுங்கிய மரமும், நொடித்துப்போன லா கிராண்டே உல்லாசத் திட்டம் விட்டுப்போன பலகைகளும் சுவராயின. அங்கே வடமேற்குக் காற்று பலம். சுவர் குறுக்கே நின்றால் காற்று மூலைகளில் வளைந்தோடி அடிமணலை அரிக்கும். சுவரின் மறைவில் வேகம் தளர்ந்து, சுமந்து வந்த மணலைக் கொட்டும். மறைவுதானே என்று அந்தப் பக்கம் வாசல் வைத்தவர்தான் கதவைத் திறக்க முடியாமல் மண்வெட்டியைத் தேடுவார். சுற்றிலும் மணலைப் பிடித்து வைக்கும் புதரை விறகுக்கு வெட்டினால் குடிலே புதைந்துவிடும்.

சாப்பாட்டுக்குப் பிஸ்மோ மட்டி. நீர் வற்றும் நேரத்தில் அலை உடையும் இடத்தில் நின்று, நீண்ட முள்கரண்டியால் மணலைக் குத்திப் பார்க்க வேண்டும். ‘டக்’கென்று தட்டினால் மட்டி. ஓரிரவு கடல்நீரில் போட்டு வைத்தால் மணலைக் கக்கும். உள்ளிருக்கும் கருத்த பகுதியை எடுத்தெறிவது அவசியம். மணலும், சில பருவங்களில் நஞ்சும் தங்குவது அங்கேதான். இப்போது அங்கே நாலரை அங்குலத்துக்குக் குறைந்ததை எடுக்கக் கூடாது; ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்துதான். சிறியதை அந்த இடத்திலேயே புதைக்க வேண்டும், மேலே விட்டால் கடற்காகம் கொத்திவிடும். காய்கறிக்குப் பக்கத்து ஊரான அரோயோ கிராண்டேயின் வயல்களில் கழித்துப் போட்டவை இருந்தன.

அவர்கள் ‘சலித்துப்போய்க் கலைந்தார்கள்’ என்று கட்டுரை சொல்வதும் சரியல்ல. 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும் கடலோரக் காவல்படை கரையில் ரோந்து தொடங்கியது, பெரும்பாலோர் வெளியேறினர். கடைசி டியூனைட்டாகக் கருதப்படும் பெர்ட் ஷீவிங்க் 1974-ல்தான் காலமானார்.

ஜீப் ஓட்டும் தடத்தருகே குடில்களைப் பார்க்கலாம் என்று நம்பி யாரும் மணலில் அலைய வேண்டாம். கேவின் ஆர்தரின் குடில் ஓசியானோ பழைய ரயில் நிலைய அருங்காட்சியகத்துக்கு எப்போதோ போய்விட்டது. அடுத்த இணைப்பில் இதையாவது திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கடலோரப் புவியியல் ஆசிரியர்கள் இருவர்,
நாகர்கோவில்.