தொடை எலும்பு முறிவும் தொலைபேசி அறிவுரைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் புளோக்கின் கீழே மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் ஏழு வயதுப் பேரன் சென்ற ஆண்டு விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது, மருத்துவர் அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்ட சிறிது நேரத்திற்குள் உறவினர்களிடமிருந்து வந்த அழைப்புகள் எல்லாமே ஒன்றையே சொல்லின: “பிள்ளை எலும்பு தானாகக் கூடிவிடும், கத்தி வைத்தால் கால் குட்டையாகிவிடும்.” ஊரிலிருந்து பேசிய மைத்துனர், நாட்டு எலும்பு வைத்தியமான புத்தூர்க் கட்டுக்கு அழைத்து வரச் சொன்னார். எல்லாம் அன்பினால் சொன்னவைதாம். ஆனாலும் என் மகள் கையெழுத்திடத் தயங்கி அழுததற்கு அவையே காரணம்.

பிள்ளை எலும்பு விரைவில் கூடும் என்பது உண்மையே. அதனால்தான் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு, இடுப்பையும் காலையும் சேர்த்துப் போடும் மாவுக்கட்டே போதுமானதாக இருக்கிறது. அதற்கு மேற்பட்ட வயதில் தொடைத் தசைகள் வலுவாக இருப்பதால் முறிந்த துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. முன்பெல்லாம் இத்தகைய பிள்ளைகளைக் காலில் எடை கட்டி வாரக்கணக்கில் படுக்க வைத்திருந்தார்கள். இப்போது பேரனுக்குச் செய்யப்பட்டது, பிரான்சின் நான்சி நகர மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறை. வளையும் டைட்டானியக் கம்பிகள் இரண்டை முழங்காலுக்குச் சற்று மேலே சிறு கீறல்கள் வழியாக எலும்பின் உட்குழிக்குள் செலுத்துகிறார்கள். அவை எதிரெதிரே வில்லாக வளைந்து, உட்சுவரை அழுத்தி, முறிவை நேராகத் தாங்கி நிற்கின்றன. தொடை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ 70 விழுக்காடு முழங்காலருகே உள்ள வளர்ச்சித் தட்டில்தான் நிகழ்கிறது என்பதால், கம்பி அதைத் தொடாமல் அதற்கு மேலிருந்தே நுழைக்கப்படுகிறது. கால் குட்டையாகும் என்ற அச்சத்திற்கு மாறாக, முறிவு ஆறும்போது ரத்த ஓட்டம் கூடுவதால் இந்த வயதில் அந்தக் கால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக வளர்வதே அதிகம் காணப்படுகிறது.

‘கம்பி வைப்பது’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே முறை பொருந்துவதில்லை. ஏறக்குறைய 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள பிள்ளையை இந்த மெல்லிய கம்பிகள் நன்றாகத் தாங்குவதில்லை. பதினொரு வயதைக் கடந்தவர்களுக்குப் பெரும்பாலும் வளையாத ஒற்றைக் கம்பியைப் பொருத்துகிறார்கள். அதையும், இடுப்புப் பந்து மூட்டுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் சேதமடையாதவாறு எலும்பின் வெளிப்பக்க மேட்டிலிருந்து இறக்க வேண்டும். எலும்பு பல துண்டுகளாக நொறுங்கியிருந்தால் தசைக்கு அடியில் தகடு வைப்பதுண்டு. இவற்றில் எது பொருந்தும் என்பதை வயது, எடை, எக்ஸ்ரே மூன்றையும் பார்த்தே முடிவெடுக்க முடியும், தொலைபேசியில் முடியாது. பெற்றோர் மருத்துவரிடம், “எந்த முறை, ஏன் இது, கம்பியை எப்போது எடுப்பீர்கள்?” என்று தமிழிலேனும் தயங்காமல் கேட்கட்டும், மொழிபெயர்க்க ஒரு தாதி கிடைத்தால் இன்னும் நல்லது.

கம்பியின் முனை முழங்காலருகே தோலை உறுத்துவதால், அடுத்த பள்ளி விடுமுறையில் அதை எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். “கூடிய எலும்பை மறுபடி எதற்குத் திறக்க வேண்டும்?” என்று கேட்டு மைத்துனர் நேற்றே அழைத்துவிட்டார்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்