ரெண்டும் தேனீ இல்லைங்க, ரெண்டும் ஒரே ஈயும் இல்லைங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை வாசகர் படங்கள் பக்கத்துல கொத்தமல்லிப் பூ மேல பூச்சி உக்காந்திருக்குற படம் ரெண்டு போட்டு, ரெண்டுக்கும் சேத்து 'தேன் குடிக்கும் தேனீக்கள்'னு எழுதியிருந்தீங்க. படம் எடுத்தவங்க ரொம்ப நல்லா எடுத்திருக்காங்க, அதுல ஒண்ணும் குறை இல்ல. ஆனா அது தேனீ இல்லைங்க, ஹோவர்ஃப்ளை, வேளாண்மைக்காரங்க சிர்ஃபிட் ஈன்னு சொல்றது. தேனீக்கு ரெக்கை நாலு, இதுக்கு ரெண்டுதான், மீசைக்கொம்பு குட்டையா முகத்தோட ஒட்டி இருக்கும், கொட்டவும் கொட்டாது. பறவைங்க கிட்ட இருந்து தப்பிக்க தேனீ, குளவி மாதிரி மஞ்சளும் கருப்புமா வேஷம் போட்டிருக்கு, அதனால தேனீன்னு நினைக்கிறது சகஜம்தான். நான் இந்தக் கடுதாசி எழுதுறது அதுக்காக மட்டும் இல்ல, அந்த ரெண்டு படமும் வேற வேற ஈ, அதைச் சொல்லணும்னுதான்.

மேல இருக்குற படத்துல வயித்துப் பக்கம் பாருங்க. வளையம் வளையமா கட்டு இருக்கும், அதுல மூணாவது நாலாவது கட்டுல கருப்புப் பட்டை ஒண்ணு அகலமா இருக்கும், அதுக்கு முன்னாடி பென்சில்ல மீசை வரைஞ்ச மாதிரி மெல்லிசா இன்னொரு கருப்புக் கோடு. இப்படி பட்டை ரெட்டையா வந்தா அது எபிசிர்ஃபஸ்ங்குற பேரினம். அதோட நிறுத்திக்கணும். ஏன்னா பல்டியேட்டஸ், விரிடாரியஸ்னு அதுல ரொம்ப ஒத்துப்போற ஜாதிங்க இருக்கு, ஒரு போட்டோவ வச்சு இதுதான்னு அடிச்சுச் சொல்றது சரியில்ல.

கீழ் படத்துல அந்த மீசைக் கோடே கிடையாது. ரெண்டாவது கட்டுல மஞ்சள் திட்டு ரெண்டு தனித்தனியா நிக்குது, முதுகோட ரெண்டு ஓரத்துலயும் பளிச்சுன்னு மஞ்சள் கரை ஓடுது, வேட்டிக்கரை மாதிரி. எங்க ஒட்டன்சத்திரம் பக்கம் தட்டைப்பயறுல சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சி விழுந்தா வர்ற இஸ்கியோடான் ஸ்கூட்டெல்லாரிஸ்ங்குற ஈ இப்படித்தான் இருக்கும். ஆனா ஸ்ஃபேரோஃபோரியான்னு இன்னொண்ணு இருக்கு, அதுக்கும் இதே மஞ்சள் கரை உண்டு. இங்கதான் எல்லாரும் தடுமாறுறாங்க. ஆண் ஈயா இருந்தா கவலை இல்ல, இஸ்கியோடான் ஆணுக்கு பின்னங்கால் உடம்போட சேருற இடத்துல, தொடை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, கீழ நீட்டிக்கிட்டு ஒரு முள்ளு இருக்கும், ஸ்ஃபேரோஃபோரியா ஆணுக்கு உடம்பு குச்சி மாதிரி நீளமா இருந்து நுனியில உருண்டையா ஒரு முடிச்சு இருக்கும். அந்த முள்ளை நான் முதல்ல பாத்தது ஒரு மார்கழி காலையில, பனியில நனைஞ்சு பறக்க முடியாம பயறுக் கொழுந்துல ஒட்டிக்கிட்டிருந்த ஈ, போன்ல மேக்ரோ லென்ஸ் மாட்டி செடிக்கு அடியில படுத்துக்கிட்டு எடுத்தேன், மேல இருந்து எடுத்த நூறு படத்துல தெரியாதது அந்த ஒரு படத்துல தெரிஞ்சுது. உங்க படத்துல இருக்குறது பெண், கண்ணு ரெண்டும் உச்சியில ஒட்டாம நடுவுல இடைவெளி இருக்கு பாருங்க, ஆணுக்கு ஒட்டியிருக்கும். பெண்ணுன்னா அந்த முள்ளு இருக்காது, அதனால அந்தப் படத்துக்கு நான் பேர் சொல்ல மாட்டேன்.

இந்தக் கண்ணு விஷயம் தெரியாம ரெண்டு வருஷம் ஆணுக்கு ஒரு பேரு பெண்ணுக்கு ஒரு பேருன்னு நோட்டுல எழுதி வச்சிருந்தேன், எல்லாத்தையும் திருத்த வேண்டியதாப் போச்சு. கலரையும் நம்பக் கூடாதுங்க. எபிசிர்ஃபஸ் பல்டியேட்டஸ் கூட்டுப்புழுவா இருக்கும்போது குளிர் அடிச்சா வெளிய வர்ற ஈ கருப்பு கூடி வரும், வெயில்ல வளந்தா மஞ்சள் கூடி வரும். ஈ ஒண்ணுதான். கோடு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, எத்தனை கோடு, அதைத்தான் பாக்கணும். பாராகஸ்னு ரொம்பக் குட்டி ஈ இருக்கு, அதுல பல ஜாதிய ஆணோட பிறப்புறுப்பை மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தாத்தான் பிரிக்க முடியும். அங்க பாராகஸ்னு மட்டும் எழுதினா போதும், அதுல அவமானம் ஒண்ணும் இல்ல.

இவ்வளவு நுணுக்கம் எதுக்குன்னு கேப்பீங்க. எபிசிர்ஃபஸ், இஸ்கியோடான் புழுவெல்லாம் அசுவினியைத் தின்னு வளருது, ஒரு புழு நூத்துக்கணக்குல தின்னுடும். காலு இல்லாம அட்டை மாதிரி நெளியுறதைப் பாத்து பயிரைத் திங்கிற புழுன்னு மருந்து அடிச்சுடுறாங்க, எங்க பக்கத்துத் தோட்டத்துலயே நடந்துச்சு, அதுக்கப்புறம் அசுவினி கொழுந்தையே மூடிருச்சு. அதே சமயம் கண்ணுல புள்ளியோ கோடோ இருக்குற எரிஸ்டலைனஸ்னு ஒரு ஹோவர்ஃப்ளை இருக்கு, அதோட புழு அழுக்குத் தண்ணியில வால் நீட்டி மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும், அசுவினி பக்கமே வராது. ஹோவர்ஃப்ளைன்னு ஒரே பேர் போட்டா எது அசுவினியைத் திங்கிறதுன்னு விவசாயிக்கு எப்படிங்க தெரியும்?

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். படம் அனுப்புறவங்க கிட்ட மேல இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல காலு தெரியுற மாதிரி ஒண்ணு, முகத்துக்கு நேரா ஒண்ணுன்னு மூணு படம் கேளுங்க, எந்த ஊரு எந்த மாசம்னும் எழுதச் சொல்லுங்க. மூணையும் பேப்பர்ல போட இடம் இல்லைன்னா பரவாயில்ல, பேர் வைக்கிறவங்க பாத்தா போதும். அந்தப் பின்னங்கால் முள்ளு படத்தை இதோட சேத்து அனுப்பியிருக்கேன், வர்ற ஞாயித்துக்கிழமை திருத்தம் போடும்போது பக்கத்துல போட்டீங்கன்னா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஒட்டன்சத்திரம்